வடிக்காத பாஸ்தா

வாரநாட்களில் ராத்திரிச் சமையல் என் பொறுப்பு. மனைவிக்கு வாரத்தில் பாதி நாள் மாலை ஷிப்ட். ஆபீஸ் முடிந்து மேடவாக்கம் சிக்னலைத் தாண்டி நான் வீட்டுக்குள் நுழையும்போது மணி ஏழரை ஆகியிருக்கும். அம்மாவுக்கு ஒன்பது மணிக்கு மாத்திரை போட வேண்டும், அதற்கு முன்னால் சாப்பிட்டாக வேண்டும். மகளுக்கு எட்டு மணிக்கே பசி வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை அரைத்த மாவு இருக்கிறவரை ஒரு கவலையும் கிடையாது. திங்கள் இட்லி, செவ்வாய் தோசை, புதன்கிழமை புளித்ததில் ஊத்தப்பம். வியாழக்கிழமைதான் கேள்வி வரும்.

சப்பாத்தி என்றால் மாவு பிசைந்து, தேய்த்து, சுட்டு, கூடவே ஒரு குருமாவும் வைக்க வேண்டும். சாதம் என்றால் குழம்பு, பொரியல் என்று அது ஒரு பக்கம் இழுக்கும். சமைப்பதைக்கூடச் சமாளித்துவிடலாம். சாப்பிட்டு முடித்த பிறகு சிங்க் நிறையக் கிடக்கிற பாத்திரங்களைப் பார்த்தால்தான் கை ஓய்ந்துபோகும். பத்து மணிக்கு நின்று அதையெல்லாம் தேய்த்து முடிக்கும்போது, மகளோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டிய அரை மணி நேரம் போயிருக்கும். அதனால் எங்கள் வீட்டில் வியாழக்கிழமை என்றால் பாஸ்தா. ஒரே பாத்திரத்தில் வெங்காயம் வதக்கி, அதிலேயே தக்காளி போட்டு, அதிலேயே பச்சையாகப் பாஸ்தாவைக் கொட்டி, அளந்து தண்ணீர் ஊற்றி மூடிவிட்டால் இருபத்தைந்து நிமிடத்தில் சாப்பாடு. வடிகட்டுவதும் கிடையாது, தனியாக சாஸ் வைப்பதும் கிடையாது.

இதைச் சோம்பேறிச் சமையல் என்று சொல்கிறவர்கள் உண்டு. முறைப்படி செய்ய நேரமில்லாதவர்கள் செய்யும் மட்டமான வழி என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நேரம் நிறைய இருக்கிற ஞாயிற்றுக்கிழமையிலும் நான் இப்படித்தான் செய்கிறேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இத்தாலியர்கள் பாஸ்தா வேகவைக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. நாங்கள் வீட்டில் நாலு பேர். காய்கறி நிறையப் போடுவதால் 300 கிராம் பாஸ்தா போதும். அந்தக் கணக்குப்படி மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அதில் முப்பது கிராம் உப்பைப் போட்டு, பாஸ்தா வெந்ததும் அந்தத் தண்ணீரில் பெரும்பகுதியைச் சிங்க்கில் கொட்ட வேண்டும். உப்புப் போட்ட தண்ணீர் என்பதால் செடிக்கும் ஊற்ற முடியாது.

2019 கோடையில் சென்னையில் இருந்தவர்களுக்கு அந்த மூன்று லிட்டர் என்ன என்று தெரியும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், நாலு ஏரியும் தரை தெரிய வற்றிப்போன வருடம். ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. தென்சென்னைப் புறநகரில் எங்களைப் போன்றவர்கள் லாரித் தண்ணீரை நம்பித்தான் இருந்தோம். எங்கள் குடியிருப்பில் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் குழாயைத் திறந்துவிடுவார்கள். வாளியில் பிடித்து வைத்ததைக் கொண்டுதான் சமையல், பாத்திரம், குளியல் எல்லாம். நல்ல தண்ணீரை மூன்று லிட்டர் காய்ச்சி வீணாகக் கொட்டுவதற்கு அந்த நாட்களில் யாருக்கும் மனசு வராது. ஒரே பாத்திரப் பாஸ்தா எங்கள் வீட்டுக்குள் வந்தது அப்போதுதான். கொட்டுகிற தண்ணீரும் மிச்சம், தேய்க்கிற தண்ணீரும் மிச்சம். அப்புறம் மழை பெய்தது, ஏரிகள் நிறைந்தன, குழாயில் தண்ணீர் பழையபடி வந்தது. பாஸ்தா மட்டும் பழைய முறைக்குத் திரும்பவில்லை. ருசி அதில்தான் கூடுதலாக இருந்தது.

ருசி கூடுவதற்குக் காரணம் மாவுச்சத்து. பாஸ்தா செய்கிற கோதுமை ரவையில் இருக்கும் மாவுச்சத்துத் துணுக்குகள் 60, 70 டிகிரி சூட்டைத் தாண்டும்போது தண்ணீரை இழுத்து ஊத ஆரம்பிக்கும். உள்ளே இருப்பதைப் புரதம் வலை போலப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேற்பரப்பில் இருப்பதில் கொஞ்சம் தண்ணீருக்குள் கரைந்து இறங்கும். மூன்று லிட்டரில் அது கரைந்தால் தண்ணீர் லேசாகக் கலங்கும், அவ்வளவுதான். முக்கால் லிட்டரில் கரைந்தால் தண்ணீர் கொழகொழவென்று கெட்டியாகி, எண்ணெயையும் தக்காளிச் சாற்றையும் பிரியவிடாமல் சேர்த்துப் பிடித்து, பாஸ்தாமேல் படிந்து நிற்கும். ஓட்டல்களில் சமைப்பவர்கள் பாஸ்தா வேகவைத்த தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்துச் சாஸில் ஊற்றுவது இதற்காகத்தான். ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு மீதியைக் கொட்டுவதைவிட, கொட்டவே தேவையில்லாத அளவுக்குத் தண்ணீர் வைத்தால் என்ன?

இது நமக்குப் புதிய விஷயமே இல்லை. சோறு வடிப்பதற்கும் பொங்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான். வடித்தால் உதிரி உதிரியாக வரும், சத்தெல்லாம் கஞ்சியோடு போகும். தண்ணீர் அளந்து வைத்துப் பொங்கினால் போட்ட மிளகும் சீரகமும் நெய்யும் அரிசிக்குள்ளேயே இறங்கும். வெண்பொங்கலை யாரும் சோம்பேறிகளின் வடித்த சோறு என்று சொல்வதில்லை. அது வேறு பண்டம், அதற்கு வேறு பக்குவம்.

அம்மாவுக்கு இதை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. முதல் தடவை நான் டம்ளரில் அளந்து ஊற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா, சேமியா உப்புமாவுக்கு வைக்கிற மாதிரி தண்ணி அளந்து வைக்கிற?"

"அதேதாம்மா. கொஞ்சம் தடிமனா இருக்கிறதால தண்ணி கூட வேணும், நேரமும் கூட ஆகும்."

"அப்ப தாளிச்சிட்டு ஊத்து. பச்சைத் தண்ணிய ஊத்தாத, கொதிக்கவச்சு ஊத்து. இல்லன்னா ஒட்டிக்கும்."

சேமியா உப்புமாவில் ஒரு கை பக்குவம் தெரிந்தவர்களுக்கு இது வெகு சீக்கிரம் பிடிபட்டுவிடும். சேமியாவும் கோதுமையைப் பிசைந்து, அச்சில் பிழிந்து, காயவைத்த பண்டம்தான். ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர், வறுத்த சேமியா, சிம்மில் மூடி வைப்பது, கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் திறக்காமல் விடுவது. அத்தனை பழக்கமும் இங்கே அப்படியே உதவும்.

இத்தாலியர்கள் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அது பாதிதான் உண்மை. நாப்போலி வீடுகளில் உருளைக்கிழங்கும் பாஸ்தாவும் சேர்த்துச் செய்கிற ஒரு சாப்பாடு இருக்கிறது. கிழங்கை வதக்கித் தண்ணீர் ஊற்றி வேகவைத்து, அதே பாத்திரத்தில் பாஸ்தாவைப் போட்டுக் கரண்டி நிற்கிற அளவுக்குக் கெட்டியாக இறக்குவார்கள். ரோம் பக்கம் கொண்டைக்கடலையோடு இதே மாதிரி செய்வார்கள். இத்தாலியின் பாரி நகரத்தில் நூல் போல நீளமான ஸ்பகெட்டியைப் பச்சையாகவே இரும்புச் சட்டியில் எண்ணெயும் பூண்டும் மிளகாயும் தக்காளியும் சேர்த்துப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தக்காளித் தண்ணீர் ஊற்றி, அடி கருகி மொறுமொறுக்கும்வரை விடுகிறார்கள். அதற்கு 'அசாசினா' என்று பெயர். 1960-களில் அந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் பிறந்தது என்பார்கள். ஏழை வீட்டுச் சமையலில் ஒரே பாத்திரம் என்பது அங்கேயும் பழைய வழக்கம்தான்.

உலகம் முழுக்க இது பேச்சானது 2013-ல். மார்த்தா ஸ்டூவர்ட்டின் அமெரிக்கப் பத்திரிகையில் ஒரு செய்முறை வந்தது. ஸ்பகெட்டியைவிடக் கொஞ்சம் தட்டையான லிங்குயினி 340 கிராம், அதே எடை குட்டித் தக்காளி, ஒரு வெங்காயம், நாலு பல் பூண்டு, மிளகாய்த் துணுக்கு, துளசி இனத்து இலை இரண்டு கொத்து, இரண்டு டேபிள்ஸ்பூன் ஆலிவ் எண்ணெய், ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமான தண்ணீர். எல்லாவற்றையும் ஒன்றாக அகலமான சட்டியில் போட்டு, கொதி வந்ததிலிருந்து சுமார் ஒன்பது நிமிடம் கிளறினால் முடிந்தது. வதக்குவதுகூட இல்லை. அதற்கு நாலு வருடம் முன்னால், 2009-ல், உணவின் அறிவியலை எழுதுகிற ஹெரால்ட் மெக்கீ நியூயார்க் டைம்ஸில் ஒரு கேள்வி கேட்டார்: பாஸ்தாவுக்கு உண்மையிலேயே அவ்வளவு தண்ணீர் வேண்டுமா? அவர் 450 கிராம் பாஸ்தாவை ஒன்றரை லிட்டருக்கும் குறைவான பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றி, அடிக்கடி கிளறி வேகவைத்துப் பார்த்தார். நன்றாகவே வந்தது. பெரிய பானையும் குமுறும் கொதியும் இல்லாமல் பாஸ்தா வேகாது என்கிற நம்பிக்கையை அசைத்தது அது.

சரி, அடுப்பங்கரைக்கு வருவோம்.

பாஸ்தா வாங்கும்போதே பாதி வேலை முடிந்துவிடுகிறது. பாக்கெட்டின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். டூரம் கோதுமை ரவை என்று இருக்க வேண்டும். டூரம் கெட்டியான கோதுமை, புரதம் அதிகம், மஞ்சள் சாயலில் இருக்கும். நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்தின் மால்வா பகுதியில் நிறைய விளைகிறது. இத்தாலியில் உள்ளூர் ஆலைகள் உலர் பாஸ்தாவை இந்த ரவையில்தான் செய்ய வேண்டும் என்று 1967-ல் சட்டமே போட்டார்கள். மைதா கலந்த பாஸ்தா வெளிறிப் போய் இருக்கும். மூன்று லிட்டர் தண்ணீரில் அது எப்படியோ தப்பித்துவிடும். அளந்த தண்ணீரில் கரைந்து களியாகிவிடும். நம் ஊர்க் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மக்ரோனி பாக்கெட்டுகளில் இரண்டு வகையும் உண்டு, அதனால் படித்துப் பார்த்து வாங்குவது நல்லது. விலை உயர்ந்த வெளிநாட்டுச் சரக்குதான் வேண்டும் என்று ஒன்றுமில்லை.

வடிவத்தில் குழாய் மாதிரி இருக்கும் பென்னேயும் திருகு மாதிரி இருக்கும் ஃபுசில்லியும் இந்த முறைக்குத் தோது. ஸ்பகெட்டி என்றால் அது படுக்கிற அளவுக்கு அகலமான சட்டி வேண்டும். எங்கள் வீட்டில் பிரியாணிக்கு வைத்திருக்கும் அடிகனமான அகலப் பாத்திரம்தான் இதற்கும். மெல்லிசான அலுமினியக் கடாய் வேண்டாம், அடி பிடித்துவிடும்.

வீட்டுக்குள் வந்து கை கால் கழுவியதும் முதல் வேலையாகக் கெட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீரைப் போட்டுவிடுவேன். அது கொதிக்கிற நேரத்தில் இரண்டு பெரிய வெங்காயத்தை நீளவாக்கில் மெல்லிசாக நறுக்கலாம், ஏழெட்டுப் பல் பூண்டைத் தட்டலாம். மலைப்பூண்டு இருந்தால் நாலு பல் போதும், அதன் காரமும் வாசனையும் வேறு. பாத்திரத்தில் மூன்று டேபிள்ஸ்பூன் எண்ணெய். காய்ந்ததும் தட்டிய பூண்டு, இரண்டு காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட வேண்டும். பூண்டு பொன்னிறத்துக்குப் போகும் முன்னாலேயே வெங்காயம். இந்த இடத்தில் மட்டும் அவசரப்படக் கூடாது. வெங்காயத்தை ஐந்து நிமிடமாவது வதக்க வேண்டும். அமெரிக்கப் பத்திரிகையின் செய்முறையில் இந்த வதக்கல் இல்லை. நம் நாக்குக்கு அது பச்சை வாசனையாகத்தான் தெரியும். எனக்கு இந்த ஐந்து நிமிடம் இல்லாமல் பாஸ்தா இறங்காது.

அடுத்து வருவது காய், தக்காளிக்கு முன்னால். புளி விட்ட பிறகு காய் வேகாது என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அந்தச் சட்டம் தக்காளிக்கும் பொருந்தும். புளிப்பு காயின் நாரை இளக விடாது. அதனால் கேரட், பீன்ஸ் மாதிரியான கெட்டிக் காய்களை மெல்லிசாக நறுக்கி வெங்காயத்தோடு இரண்டு மூன்று நிமிடம் வதக்கி, பாதி இளகிய பிறகுதான் தக்காளி. குடைமிளகாய், உரித்த பச்சைப் பட்டாணி, கீரை இவையெல்லாம் கடைசி மூன்று நிமிடத்துக்கானவை. காளான் போட்டால் அது தண்ணீர் விடும், ஊற்றுகிற தண்ணீரில் அரை டம்ளர் குறைக்க வேண்டும்.

தக்காளி என்றால் எனக்கு நாட்டுத் தக்காளி. பெங்களூர்த் தக்காளி பார்க்க அழகு, சாலட்டுக்கு நறுக்கினால் உடையாமல் நிற்கும். சாறும் புளிப்பும் நாட்டுத் தக்காளியில்தான். 400 கிராம், அதாவது நடுத்தர அளவில் ஐந்தாறு பழம். பொடியாக நறுக்கிப் போட்டு, அரை டீஸ்பூன் உப்புத் தூவினால் சீக்கிரம் மசியும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது அரசு ரேஷன் கடைகளில் அறுபது ரூபாய்க்கு விற்றது நினைவிருக்கும். அந்த மாதம் நாங்கள் இரண்டே தக்காளி போட்டு, மீதிக்கு வேகவைத்த பூசணியை மசித்துச் சேர்த்தோம். இனிப்பாக, மஞ்சளாக, நன்றாகவே இருந்தது. மகள் இப்போதும் சில சமயம் அதைத்தான் கேட்கிறாள்.

தக்காளி மசிந்து எண்ணெய் லேசாக ஓரத்தில் தெரியும்போது 300 கிராம் பாஸ்தாவைக் கொட்டி ஒரு பிரட்டுப் பிரட்ட வேண்டும். எண்ணெய் எல்லாத் துண்டின்மேலும் படட்டும். இப்போது கெட்டிலிலிருந்து 800 மில்லி கொதிக்கிற தண்ணீர். மீதி 200 மில்லி கெட்டிலிலேயே இருக்கட்டும், கடைசியில் தேவைப்படலாம். பாஸ்தா தன் எடைக்குச் சமமாக, சில சமயம் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தண்ணீர் குடிக்கும். மீதியில் கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் சாஸாக நிற்கும். பாத்திரத்தின் அகலத்தையும் மூடியையும் பொறுத்து அளவு மாறும். இரண்டு தடவை செய்தால் உங்கள் பாத்திரத்தின் கணக்கு உங்களுக்கே பிடிபடும்.

உப்பு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பெரிய பானையில் போடுகிற உப்பில் பெரும்பகுதி வடிகிற தண்ணீரோடு போய்விடும். இங்கே போட்ட உப்பு முழுவதும் தட்டுக்கு வரும். தக்காளிக்குப் போட்டதையும் சேர்த்து மொத்தம் ஒன்றேகால் டீஸ்பூன் போதும். சீஸ் போடுவதாக இருந்தால் ஒரு டீஸ்பூனோடு நிறுத்திக்கொள்ளலாம். அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு இருப்பதால் நான் எப்போதும் குறைத்தே போட்டு, வேண்டியவர்கள் தட்டில் போட்டுக்கொள்ளட்டும் என்று விடுவேன்.

முதல் இரண்டு நிமிடம் பக்கத்தை விட்டு நகரக் கூடாது. பாஸ்தாவின் மேற்பரப்பு பசையாகி ஒன்றோடொன்று ஒட்டுகிற நேரம் அதுதான். கரண்டியை அடியோடு விட்டுக் கிளறிக்கொண்டே இருந்தால், அதற்குப் பிறகு ஒட்டாது. கொதி வந்ததும் தீயை நடுத்தரமாக்கி, மூடியைக் கொஞ்சம் சாய்த்து வைத்துவிடலாம். முழுக்க மூடினால் நுரை பொங்கி அடுப்பில் வழியும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து அடியிலிருந்து ஒரு கிளறு. பாக்கெட்டில் 11 நிமிடம் என்று போட்டிருந்தால் ஒன்பதாவது நிமிடம் ஒரு துண்டை எடுத்து நகத்தால் வெட்டிப் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளைப் புள்ளி தெரியும். தக்காளிக் கெட்டிச் சாற்றில் வேகும்போது பாக்கெட் நேரத்தைவிட ஒன்றிரண்டு நிமிடம் கூட ஆகலாம். அந்தச் சமயத்தில் பாத்திரத்தில் நீர் குழம்புப் பதத்தில் கொஞ்சம் தளர்வாகவே நிற்க வேண்டும். வறண்டிருந்தால் கெட்டிலில் இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றலாம். அடுப்பை அணைத்து, இறுக மூடி மூன்று நிமிடம். தளர்வாகத் தெரிந்தது அதற்குள் கெட்டிப்பட்டுவிடும்.

அடுப்பை அணைத்துவிட்டு மூடி வைப்பது ஐரோப்பாவில் 2022-ல் பெரிய வாதமாகவே போனது. உக்ரைன் போரால் எரிவாயு விலை ஏறிக்கிடந்த நேரம். அதற்கு முந்தைய வருடம் இயற்பியலில் நோபல் பரிசு வாங்கிய ஜார்ஜியோ பரிசி, தண்ணீர் கொதித்துப் பாஸ்தாவைப் போட்டதும் இரண்டு நிமிடத்தில் தீயை அணைத்து மூடிவிட்டாலே வெந்துவிடும் என்ற யோசனையைப் பகிர்ந்தார். இத்தாலிய சமையல்காரர் அன்டோனெல்லோ கொலோன்னா அப்படிச் செய்தால் பாஸ்தா ரப்பராகிவிடும் என்று கடுமையாக எதிர்த்தார். என் அனுபவத்தில் முழு நேரத்துக்கும் அணைத்து வைப்பது ருசிக்கு ஒத்துவரவில்லை, கடைசி மூன்று நிமிடத்துக்கு மிகவும் ஒத்துவருகிறது. சேமியா உப்புமாவுக்கு அம்மா பல வருடமாகச் செய்வதும் அதுதான்.

குக்கரில் செய்யலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். செய்யலாம். தண்ணீர் பாஸ்தாவுக்கு ஒரு விரல் மேலே நிற்கிற அளவு, ஒரே விசில், உடனே ஆவியை விட்டுத் திறந்துவிட வேண்டும். பாஸ்தா நுரைக்கும், நுரை போய் வெயிட் துளையை அடைக்கும். அதனால் குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பவே கூடாது. நான் அவ்வளவாக விரும்புவதில்லை. நடுவில் திறந்து ஒரு துண்டைக் கடித்துப் பார்க்க முடியாத சமையல் எனக்குச் சரிப்படாது.

மூடியைத் திறந்த பிறகு செய்கிற சின்ன வேலைகளில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். பாலோ கிரீமோ சேர்ப்பதாக இருந்தால் அடுப்பு எரியும்போது ஊற்றாதீர்கள். தக்காளியின் புளிப்பில் பால் திரியும். அணைத்துச் சற்று ஆறியதும், அறைச் சூட்டில் இருக்கும் கிரீமை ஊற்றிக் கிளறினால் திரியாது. எங்கள் வீட்டில் கிரீமுக்குப் பதில் பத்து முந்திரியை ஊறவைத்து அரைத்து ஊற்றுவோம், அது திரிகிற பேச்சே இல்லை. சீஸும் அணைத்த பிறகுதான். கட்டி கட்டியாகக் கடைகளில் விற்கும் பதப்படுத்திய சீஸ் இதற்கு நன்றாக உருகும், அது உருகும்போது பிரியாமல் இருக்கவே அதில் உப்புகள் சேர்க்கிறார்கள். இத்தாலிய பர்மேசானில் பாலை உறையவைக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் சேர்கிறது. அம்மா சைவம் என்பதால் அது எங்கள் வீட்டுக்கு வருவதில்லை.

இலைக்கு நான் சொல்வதைக் கேளுங்கள். இத்தாலியச் சமையலில் போடும் பேசில் செடியைத் தேடி மால்களில் சின்ன டப்பாவில் வாடிப்போன நாலு இலையை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. நம் திருநீற்றுப்பச்சிலை அதே இனம்தான். ஃபலூடாவில் போடுகிற சப்ஜா விதை இந்தச் செடியின் விதை. மளிகைக் கடையில் வாங்கிய சப்ஜாவை ஒரு பிடி தொட்டியில் தூவினாலே முளைத்துவிடும். எங்கள் பால்கனித் தொட்டியில் அப்படி வந்த செடிதான். இத்தாலிய வகையைவிட வாசனையில் சோம்பின் சாயல் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அது தக்காளியோடு அருமையாகச் சேர்கிறது. கோயில் துளசியை மட்டும் இதற்குப் போட வேண்டாம், அதன் கிராம்பு வாசனை வேறு பக்கம் இழுத்துவிடும். இலை எதுவும் இல்லாத நாளில், பீட்ஸாவோடு வந்து பிரிட்ஜ் கதவில் சேர்ந்து கிடக்கும் ஆரிகானோ பாக்கெட்டில் ஒன்றைப் பிரித்துத் தூவலாம். கரம் மசாலா போடுகிறவர்களை நான் தடுக்கவில்லை. ஆனால் வெங்காயமும் பூண்டும் தக்காளியும் இவ்வளவு நேரம் எடுத்துச் சேர்த்துவைத்த ருசியை அது மூடிவிடுகிறது. மிளகை அந்த நேரத்தில் பொடித்துத் தூவுங்கள், காரத்துக்கு அது போதும்.

வெறும் மாவுச்சத்தாக இருக்கிறதே என்று எனக்கும் ஒரு உறுத்தல் இருந்தது. அதற்கு ரோம்காரர்களின் கொண்டைக்கடலை வழி நல்ல வழி. காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும் முன் ஒரு கைப்பிடி ஊறப்போட்டுவிட்டால், சாயங்காலம் அம்மா குக்கரில் வேகவைத்து வைத்திருப்பாள். கடலை வெந்த தண்ணீரையும் அளவில் சேர்த்து ஊற்றிவிட வேண்டும், அதில்தான் ருசி. தக்காளியைப் பாதியாகக் குறைத்து, கடலையில் கொஞ்சம் எடுத்து மசித்துப் போட்டால் சாஸ் இன்னும் கெட்டியாக வரும். தட்டப்பயறும் இதே மாதிரி நன்றாக இருக்கும். அசைவம் சாப்பிடுகிறவர்கள் கோழியை எலும்பில்லாமல் சின்னத் துண்டுகளாக வெங்காயத்தோடு வதக்கலாம், இறாலைக் கடைசி மூன்று நிமிடத்தில் போடலாம்.

மகள் இப்போது பூண்டு உரிக்கிறாள், தண்ணீரை அளந்து தருகிறாள். "அப்பா, புள்ளி தெரியுதா பாக்கட்டுமா?" என்று கேட்டு ஒன்பதாவது நிமிடம் துண்டை வெட்டிப் பார்ப்பது அவள் வேலை. வெந்த பாஸ்தா எப்படி இருக்கும் என்று அவளுக்கு இப்போது என்னைவிட நன்றாகத் தெரியும். மனைவி ஷிப்ட் முடிந்து பத்து மணிக்கு வரும்போது அவளுக்கான பங்கு மூடிய பாத்திரத்தில் இருக்கும். அதற்குள் அது மீதித் தண்ணீரையும் குடித்துக் கெட்டியாகியிருக்கும், அதனால் அரை டம்ளர் வெந்நீர் ஊற்றிச் சிம்மில் ஒரு நிமிடம் வைத்துக் கிளற வேண்டும். பழைய பக்குவம் திரும்பிவிடும். தேய்ப்பதற்கு அந்த ஒரு பாத்திரம், ஒரு கத்தி, ஒரு பலகை, தட்டுகள். அவ்வளவே.

இதற்குப் பிறகும் மீந்தால் பிரிட்ஜில் வைத்துவிடுவோம். காலையில் அதைச் சுடவைத்துக் குழைக்காமல், பாரிக்காரர்கள் மாதிரி செய்யலாம். இரும்புத் தோசைக்கல்லில் ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டு, கல் நன்றாகக் காய்ந்த பிறகு பாஸ்தாவைப் பரப்புங்கள். அடி சிவந்து மொறுமொறுக்கும்வரை கரண்டி போடாமல் விட்டு, பெயர்த்துத் திருப்பி மறுபக்கமும் முறுகவிடுங்கள். டிபன் பாக்ஸில் வைத்தால் மதியம்வரை மொறுமொறுப்பு நிற்காது, அதனால் அடுப்படியிலேயே சாப்பிட்டுவிடுவது நல்லது.